பிணை நின்ற காலம்

சென்ற வாரம் அலுமாரியின் மேல்தட்டைத் துப்புரவு செய்ய வந்த அண்ணன் மகள், பழைய பிஸ்கட் தகரம் ஒன்றை இறக்கி என் மடியில் வைத்து, "மாமி, இது வேணுமோ, எறியவோ?" என்று கேட்டாள். மூடியைத் திறந்ததும், கட்டியிருந்த றப்பர் வளையம் இற்று அறுந்துபோக, உள்ளே அடுக்கியிருந்த ரெலிபோன் கார்ட்டுகள் அத்தனையும் சேலைமேல் சரிந்தன. ஒன்றில் தென்னை மரம், ஒன்றில் கோபுரம், ஒன்றில் ஆகாய விமானம். எல்லாவற்றின் முதுகிலும் நாணயத்தால் சுரண்டிய சாம்பல் நிறத் தழும்பு. வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைத்து வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு, ஐந்து டொலர் கொடுத்து வாங்கிய அட்டையின் இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தி, இத்தனை நிமிஷங்கள் மீதி இருக்கின்றன என்று யந்திரக் குரலொன்று அறிவித்த பின்னர், யாழ்ப்பாணத்தில் மணி ஒலிக்குமோ ஒலிக்காதோ என்று மூச்சை அடக்கிக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு என்பதை விளக்கப் புகுந்தேன். விளக்க விளக்க, அட்டைகளுக்கு அப்பாலிருந்த விஷயங்கள் பலவும் ஞாபகத்துக்கு வந்தன. என் நிலையில் இருக்கும் ஒருவருக்கேனும் அவை பிரயோசனப்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நடை பழகும் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதம் என் கால்களைத் தொட்டுவிட்டது. இடது கால் ஓரளவு தப்பியது. வலது காலுக்கு இரும்புச் சட்டமும் தோல் வாரும் பொருத்திய சப்பாத்து வேண்டியிருந்தது. படிப்பு முடிந்ததும், எங்கள் ஊருக்கு அயலில் இருந்த ரியூட்டறி ஒன்றில் கணக்கெழுதும் உத்தியோகம் கிடைத்தது. பிள்ளைகளிடம் மாதக் கட்டணம் வாங்குவதும், வினாத்தாள்களை ஸ்ரென்சிலில் வெட்டி, மின்சாரம் இல்லாத அந்நாட்களில் ரோனியோ இயந்திரத்தைக் கையால் சுற்றிப் பிரதி எடுப்பதும் என் வேலை. கணிதம் படிப்பித்த ஆசிரியர் ஒருவர், தம் வகுப்பு முடிந்ததும் சொல்லாமலே வந்து அந்தக் கைபிடியை வாங்கிச் சுற்றுவார். அவர் சுற்ற நான் தாள் அடுக்குவேன். எங்களுக்குள் அதிக சம்பாஷணை இராது. இருவர் கையிலும் ஊதா மை ஒட்டியிருக்கும்.

1995 ஒக்ரோபர் இறுதியில் யுத்தத்தால் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கிப் போன அந்த மழை இரவைப் பற்றி அநேகர் எழுதியிருக்கிறார்கள். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் ஓர் அடி எடுத்து வைக்கவும் இடமில்லாமல் ஜனத்திரள் நெருங்கி நின்றபோது, தம் தாயாரை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்து, என்னைச் சைக்கிளின் பின் கரியரில் இருத்தி, விடியும் மட்டும் தள்ளிக்கொண்டு போனவர் அந்த ஆசிரியர்தான். சட்டத்துக்குள் மழைநீர் புகுந்து கால் விறைத்ததும், அவர் அதைக் கழற்றித் தம் தோளில் கொழுவிக்கொண்டு நடந்ததும், இன்று நடந்தவை போல் இருக்கின்றன. பின்னர் நான் கொழும்பு வந்து, ஏற்கெனவே கனடாவில் குடியேறியிருந்த அண்ணனிடம் அகதியாக வந்து சேர்ந்தேன். ஆசிரியர் தம் தாயாரைப் பிரிய இயலாமல் ஊரிலேயே தங்கிவிட்டார். பல மாதம் கழித்து ஒரு கடிதம் வரும்; நான் ஒரு பதில் எழுதுவேன். விவாகத்தைப் பற்றி அக்கடிதங்களில் ஒரு வார்த்தையும் இல்லை. எனினும் வேறு எவரையும் பற்றி இருவரும் நினைக்கவில்லை.

ஸ்காபரோவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் இயந்திரத்தின் முன் இருந்து சில ஆண்டுகள் உழைத்தேன். பிறகு, தப்பிய கால் என்று நான் நம்பியிருந்த இடது காலும் தளரத் தொடங்கியது. மாலையானால் கைகளிலும் சோர்வு ஏறிற்று. இளம்பிள்ளைவாதம் தாக்கிப் பல ஆண்டுகள் கழிந்தபின், அதுவரை ஈடுகொடுத்து வந்த தசைகளும் நரம்புகளும் களைத்துப்போவதால் இப்படி ஒரு நோய்நிலை தோன்றுவதுண்டு என்றும், இனி உடலை வருத்தி உழைப்பது இருப்பதையும் இழக்கச் செய்யும் என்றும் வைத்தியர் சொன்னார். அவரே படிவங்களை நிரப்பித் தர, ஒன்ராறியோ மாகாணத்தின் அங்கவீனர் ஆதரவுத் திட்டத்தில் சேர்ந்தேன். அந்நாளில் தனி ஒருவருக்கு அதன் உச்சத் தொகை மாதம் 930 டொலர். வாடகை போக மிஞ்சுவது சொற்பமாயினும், மருந்துச் செலவைத் திட்டமே ஏற்றுக்கொண்டது எனக்கு உயிர்நிலையாக இருந்தது. எங்கள் சனத்துக்கோ அது எல்லாம் 'வெல்பெயர் காசு'. கலியாண வீடுகளில் என்னை அறிமுகம் செய்யும்போது, நான் எதில் சீவிக்கிறேன் என்பதை மச்சாள் சொல்லாமல் தாண்டிச் செல்வார்.

2002-இல் சமாதானம் வந்து, யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதி திறந்தது. போக வேண்டும் என்று மனம் துடித்தது. பிரயாணச் செலவுக்கு அண்ணன் சீட்டுக் கட்டினார். மாகாணத்தை விட்டு 30 நாட்களுக்கு மேல் அனுமதியின்றி நீங்கியிருந்தால் உதவித் தொகை நின்றுபோகும் என்பது விதி. ஆகவே, அந்த எல்லைக்குள் ஊரைக் காணவும், ஆசிரியரின் தாயாரிடம் சம்மதம் பெறவும், நாள் பார்க்கவும், தாலி செய்விக்கவும், விவாகப் பதிவாளரை அழைக்கவும் வேண்டியிருந்தது. குண்டு விழுந்து கூரை போன ஒரு பிள்ளையார் கோயிலின் மண்டபத்தில் கலியாணம் நடந்தது. படம் பிடிக்க வந்த பையன், மாப்பிள்ளையும் பொம்பிளையும் எழுந்து நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, பிறகு தானே நிலத்தில் முழந்தாளிட்டுக் கமராவைத் தாழ்த்திக்கொண்டான். அந்த அல்பத்தில் எந்தப் படத்திலும் நான் நிற்கவில்லை. எல்லாவற்றிலும் கதிரையில் இருக்கிறேன். அவரும் எனக்கு அருகில் ஒரு கதிரையில் இருக்கிறார்.

திரும்பி வந்ததும் ஊர் வாய் திறந்தது. டிசபிலிற்றிக் காசு எடுக்கிறவள் புருஷனை எப்படிக் கூப்பிடுவாள், அரசாங்கம் விடுமோ என்றார்கள் சிலர். நடக்க ஏலாத ஒருத்தியை அவன் எதற்குக் கட்டினான், விசாவுக்குத்தானே என்றார்கள் வேறு சிலர். முதற்கூற்று அறியாமையால் எழுந்தது. இரண்டாவது, என் உள்ளத்தில் தைத்தது. உடல் ஊனமுற்ற பெண் ஒருத்தியை ஒருவன் விரும்ப முடியும் என்ற எண்ணமே எங்கள் சமூகத்தில் பலருக்கு உதிக்காமற் போனது எனக்கு இன்றும் ஆறாத மனக்கஷ்டம்.

கடைத்தெருவில் மாடியொன்றில் அலுவலகம் வைத்திருந்த ஆலோசகர் ஒருவரிடம் அண்ணன் அழைத்துச் சென்றார். என் ஊன்றுகோலைப் பார்த்த மாத்திரத்தில், "பிள்ளை, இந்தக் காசு எடுக்கிற ஆள் ஸ்பொன்சர் பண்ண ஏலாது. முதலிலை அதை வெட்டுங்கோ. ஒரு வருஷம் வேலை செய்ததெண்டு கடுதாசி நான் ஒழுங்கு பண்ணித் தாறன்" என்றார் அவர். அதற்கு அவர் கேட்ட தொகையைக் கேட்டு அண்ணன் தலை குனிந்தார். திட்டத்திலிருந்து விலகினால் மருந்து யார் தருவார்? செய்யாத வேலையைச் செய்ததாக அரசாங்கத்துக்கு எப்படி எழுதுவது? "அண்ணை, பொய் சொல்லி அவரைக் கூப்பிட வேண்டாம்" என்று சொல்லி எழுந்துவிட்டேன். படியிறங்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. அண்ணன் ஒவ்வொரு படியிலும் நின்று காத்தார்.

எங்கள் குடியிருப்பில் இருந்த வயதான யமேக்கப் பெண்மணி ஒருவர்தான், வறியவர்களுக்குக் கட்டணமின்றி ஆலோசனை சொல்லும் சமூகச் சட்ட உதவி மையங்கள் ஒன்ராறியோவில் இருக்கின்றன என்று சொல்லி, விலாசத்தையும் எழுதித் தந்தார். அங்கே ஓர் இளம் வழக்கறிஞர், நான் சொன்னதை எல்லாம் பொறுமையோடு கேட்டுவிட்டு, தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். 2002 ஜூன் 28 முதல் அமலுக்கு வந்திருந்த புதிய குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகள் அவை. அவற்றில் 133-ஆம் விதி, சமூக உதவி பெறுபவர் பிணை நிற்க இயலாது என்று சொல்கிறது. ஆனால், அங்கவீனம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக உதவி பெறுபவரைத்தான் அவ்வாறு விலக்குகிறது. அவர் விரல் வைத்துக் காட்டிய வரியை நான் என் விரலை வைத்து மீண்டும் வாசித்தேன். மாதம் 930 டொலரில் நான் எப்படி என்று தயங்கிக் கேட்டபோது, பெற்றோரை அழைப்பவருக்கு உள்ளதுபோல் இன்ன வருமானம் வேண்டும் என்ற அட்டவணை, கணவனையோ மனைவியையோ அழைப்பவருக்குப் பொதுவாக இல்லை என்றும் விளக்கினார்.

நல்லதை மட்டும் சொல்லி அவர் அனுப்பிவிடவில்லை. பிணைப் பத்திரத்தில் கையொப்பம் இடுமுன் அதன் பாரத்தை அறிய வேண்டும் என்றார். கணவர் நிரந்தர வதிவிடம் பெறும் நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு உணவு, உடை, உறைவிடம் மட்டுமன்றி, அரசாங்கக் காப்புறுதியில் அடங்காத பல், கண் வைத்தியம் வரை நான் பொறுப்பேற்க வேண்டும். இடையில் மனம் முறிந்தாலும், விவாகரத்தே ஆனாலும், அந்தப் பொறுப்பு நீங்காது. பழைய சட்டத்தில் இது 10 ஆண்டுகளாக இருந்து, புதிய சட்டத்தில் குறைக்கப்பட்டிருந்தது. அதே கடதாசியில், தம்மைத் தாம் பராமரிக்க இயன்றவரை முயல்வதாக அவரும் ஒப்பமிட வேண்டும் என்று அறிந்தபோது எனக்கு மனம் இலேசாயிற்று. நான் சுமப்பவள், அவர் சுமக்கப்படுபவர் என்றில்லாமல், இருவரும் ஒரே கடதாசியில் கையெழுத்திடுவது நியாயமாகப் பட்டது.

அக்காலத்தில் கட்டணம் பிணை நிற்பதற்கு 75, விண்ணப்பத்துக்கு 475, நிரந்தர வதிவிட உரிமைக்கு 975, ஆக 1,525 டொலர். என் ஒன்றரை மாத உதவித் தொகையை விடவும் அதிகமான அப்பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தேன். வதிவிட உரிமைக் கட்டணத்தை 2006-இல் 490 ஆகக் குறைத்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்தபோது, பின்னால் வருவோருக்காகச் சந்தோஷப்பட்டேன். எங்கள் விவாகம் மெய்யானது என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னதன்பேரில்தான் ரெலிபோன் கார்ட்டுகளை எறியாமல் தகரத்தில் போட்டு வைத்தேன். பழைய கடிதங்கள், விவாகப் பதிவுச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், அந்த அல்பம் ஆகிய எல்லாவற்றின் பிரதிகளும் ஒரு பெரிய உறையில் மிசிசாகாவில் இருந்த விண்ணப்ப நிலையத்துக்குச் சென்றன. பிணை நிற்கும் தகுதி எனக்கு உண்டு என்று அங்கிருந்து வந்த கடிதத்தை நான் மச்சாளிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து தந்தார். அதன் பின்னர், என் சீவியத்தைப் பற்றி எவர் கேட்டாலும் அவர் மறைத்ததில்லை.

காத்திருந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. என் கணவரின் தாயார் அக்காலத்தில்தான் காலமானார். ஊரில் வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லை. சந்தியில் இருந்த 'கொமினிக்கேசன்' கடையில், சொன்ன நேரத்துக்கு வந்து பலகைத் தடுப்புக்குள் அவர் காத்திருப்பார். நான் கார்ட்டைச் சுரண்டி எண்ணை அழுத்துவேன். "இஞ்சேரும், நீர் சாப்பிட்டனீரோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கால் நோகிறதா, சப்பாத்து இறுக்கமா, படியில் பனி கிடக்கிறதா என்று இவற்றையெல்லாம் கேட்டு முடிக்கு முன்பே நிமிஷங்கள் தீர்ந்துவிடும்.

கொழும்பில் நடந்த விசா நேர்முகத்தைப் பிற்பாடு அவர் வாயால் கேட்டேன். அல்பத்தைப் புரட்டிய அதிகாரி, மணப்பெண் எந்தப் படத்திலும் நிற்கவில்லையே, ஏன் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் வினவியிருக்கிறார். "அவ நிண்டால் நோகும். அதாலை நானும் இருந்தனான்" என்று இவர் பதில் சொன்னார். பிறகு, உம் மனைவி அரசாங்க உதவியில் வாழ்கிறார், நீர் அங்கே போய் எப்படிச் சீவிப்பீர் என்ற கேள்வி வந்தது. "அவவை நம்பிச் சாப்பிடவெண்டு போகேல்லை. எனக்கு என்ன வேலை கிடைச்சாலும் செய்வன். அவவுக்குக் காலமை எழும்பிச் சட்டம் பூட்டிவிட ஒரு ஆள் வேணும்" என்றாராம். இரவில் சட்டத்தின் வார்களை எந்த ஒழுங்கில் கழற்றுவது என்று கேட்டபோது, மேல் வாரை முதலில் கழற்றினால் முழங்கால் மடங்கிவிடும், ஆகையால் கீழிருந்து தொடங்க வேண்டும் என்று தம் காலிலேயே தொட்டுக் காட்டினார் என்றும், அதிகாரி அதற்குப் பிறகு வேறொன்றும் கேட்கவில்லை என்றும் சொன்னார். அவர் அதை அறிந்தது, நாவற்குழி வீதியில், அந்த மழையில்.

அவர் வந்திறங்கிய பிறகும் கடதாசி வேலை ஓயவில்லை. திட்ட அலுவலகத்துக்கு உடனே அறிவித்தேன். இருவரும் ஒரே குடும்பமாகக் கணக்கிடப்பட்டோம். புதிதாக வந்தவர்க்கு மாகாணத்தின் சுகாதார அட்டை 3 மாதம் கழித்தே கிடைக்கும் என்பது அக்கால விதியாதலால், முதல் பனிக்காலத்துத் தடிமன் காய்ச்சலை எல்லாம் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தே கடந்தோம். கணித ஆசிரியராக இருந்தவர், வெதுப்பகம் ஒன்றில் இரவு வேலைக்குப் போனார்; பின்னர் பராமரிப்பு உதவியாளர் பயிற்சி பெற்று முதியோர் இல்லமொன்றில் உத்தியோகம் தேடிக்கொண்டார். மாதந்தோறும் அவர் சம்பளத் துண்டை இணைத்து வருமான அறிக்கை அனுப்ப வேண்டும். 2006-இன் பிற்பகுதியில் விதி மாறிய பின், நிகர சம்பளத்தில் பாதியை விட்டு மறுபாதியை எங்கள் தொகையிலிருந்து கழித்தார்கள். அவர் கூட உழைத்தால் எனக்கு வருவது குறையும். உழைக்காவிட்டால் இருவருக்கும் பற்றாது. கணவன் உழைப்பதைக் காரணமாக்கி, ஊனமுற்ற மனைவியின் கையில் தனக்கென்று வரும் சிறு பணத்தையும் குறைக்கும் இந்த முறை சரியானதன்று என்பது என் திடமான அபிப்பிராயம். விவாகம் செய்தால் உதவி குறையும் என்ற அச்சத்தால், மனம் ஒத்தவரோடு சேர்ந்து வாழாமலே முதுமை எய்தியவர்களை நான் அறிவேன்.

எங்கள் 3 ஆண்டுகள் கடந்து வெகு காலத்துக்குப் பின், 2011-இல் கனடிய உச்ச நீதிமன்றம், பிணை நின்றவர்கள் அரசாங்கத்துக்குத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் பற்றிய மாவி வழக்கில் தீர்ப்பளித்தது. அழைக்கப்பட்டவர் சமூக உதவி பெற்றால் அக்கடன் பிணை நின்றவரையே சாரும் என்பதை நீதிபதிகள் உறுதி செய்தார்கள். கஷ்டத்தில் இருப்பவரிடம் அறவிடுவதை ஒத்திவைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கடன் முற்றாக நீங்காது என்றும், நடைமுறையில் அவர்களை நியாயமாக நடத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த வழக்கறிஞர் அன்று என்னை எச்சரித்தது எத்துணை அவசியமான காரியம் என்பதைத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது மறுபடியும் உணர்ந்தேன்.

இன்று படிவங்கள் இணையத்தில் நிரப்பப்படுகின்றன, கார்ட்டுகளின் இடத்தில் வட்ஸ்அப் உரையாடல்களின் பிரதிகள் சாட்சியாகின்றன, கட்டணங்களும் மாறிவிட்டன. ஆனால், அங்கவீன உதவி பெறுபவர் தம் கணவனையோ மனைவியையோ அழைக்கத் தடையில்லை என்ற விதியும், 3 ஆண்டுப் பொறுப்பும் அப்படியே இருக்கின்றன. உழைத்த காலத்தில் கட்டிய கனடா ஓய்வூதியத் திட்டத்திலிருந்து அங்கவீனத்துக்காக வரும் பணம் சமூக உதவியே அல்ல. அதனால் அதைப் பெறுபவருக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கவீனம் காரணமாக அன்றி, சாதாரண சமூக உதவி பெறுபவருக்குத்தான் தடை. கியூபெக் மாகாணத்தில் வசிப்போர் அம்மாகாணத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். இவ்வளவு தெளிவாக இருந்தும், சென்ற ஆண்டு கோயில் அன்னதான மண்டபத்தில் சக்கர நாற்காலியில் வந்திருந்த ஓர் இளைஞன், "அக்கா, என்னாலை ஏலாதெண்டு எல்லாரும் சொல்லீனம்" என்று என்னிடம் சொன்னான். தமிழ்நாட்டிலுள்ள பெண் ஒருத்தியோடு அவனுக்கு நிச்சயமாகி, அவன் உதவித் தொகையைக் காரணம் காட்டி இரு வீட்டாரும் நாள் குறிக்காமல் தள்ளிப் போட்டிருந்தார்கள். அவனை அதே சட்ட உதவி மையத்துக்கு என் கணவர் அழைத்துச் சென்றார்.

உங்கள் வீட்டிலோ சுற்றத்திலோ இத்தகைய உதவி பெற்று வாழும் ஒருவர் கலியாணம் செய்ய விரும்பினால், அவருக்கு நீங்களாக ஒரு தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்; பொய்க் கடுதாசி தயாரித்துத் தருகிறேன் என்பவரிடமும் விட்டுவிடாதீர்கள், பொய்த் தகவல் கொடுத்தது தெரியவந்தால் வரவிருந்தவருக்கு இன்று 5 ஆண்டுகள் இந்நாட்டின் வாசல் அடைபடும். அருகிலுள்ள சமூகச் சட்ட உதவி மையத்துக்கு அவரைக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை.